மீனிங் தெரியும், மேம்

சென்னை லஸ் முனை நடைபாதைக் கடையில், அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்குத் தயார்செய்யும் பழைய பாரன்ஸ் புத்தகம் ஒரு காலத்தில் எப்போது போனாலும் கிடைக்கும். தேர்வு எழுதி, விசா வாங்கி, விமானம் ஏறியவர்கள் போட்டுவிட்டுப் போனவை. வாங்க வருகிறவர்கள் எந்த வருடத்துப் பதிப்பு என்று பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள். நான் புத்தகத்தைத் திருப்பித் தாள்களின் விளிம்பைப் பார்ப்பேன். வேர்டு லிஸ்ட் தொடங்கும் இடத்தில் விரல் அழுக்கு கன்னங்கரேலென்று இருக்கும். போகப் போக வெளுத்துக்கொண்டே வரும். உள்ளே புரட்டினால், ஏ-யில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழ் அர்த்தம். சி-க்கு வரும்போது அடிக்கோடு மட்டும். எம்-மைத் தாண்டினால் அச்சகத்திலிருந்து வந்த கோலத்திலேயே இருக்கும்.

சுமார் 3,500 சொற்கள், 50 பட்டியல்கள். முதல் பக்கத்திலிருந்து அகரவரிசையில் மனப்பாடம் செய்ய உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த எம்-மோடு நின்றுவிடுவார்கள். அபேட், அபெரன்ட், அப்ஸ்டீமியஸ் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். டர்ஜிட், டர்பிட், விட்ரியாலிக் என்றால் முழிப்பார்கள். ஆங்கிலத்தின் முதல் சில எழுத்துகளில் மட்டும் பெரும்புலவர்களாகச் சென்னையிலிருந்து ஒரு தலைமுறையே அமெரிக்கா போயிருக்கிறது.

அந்தத் தலைமுறைக்கு வெர்பல், அதாவது தேர்வின் ஆங்கிலப் பகுதி, எடுத்ததுதான் என் பிழைப்பு. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, கல்லூரி வேலை கிடைக்கும்வரை கைச்செலவுக்கு ஆகுமே என்று தொண்ணூறுகளில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். கல்லூரி வேலையை மறந்தே போனேன். கீழே மெஸ், மாடியில் வகுப்பு. காலை ஆறரை மணி பேட்ச்சுக்கு ஊர்ப்பட்ட தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்காருவார்கள். கீழே சாம்பார் கொதிக்கிற வாசனை வந்ததும்தான் கண் திறக்கும். எல்லாரும் என்ஜினீயரிங். கணக்குப் பகுதியில் 800-க்கு 800 வாங்குவது அவர்களுக்குச் சர்வசாதாரணம். வெர்பலில் 400-ஐத் தொடுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

தேர்வும் அப்போது அப்படி இருந்தது. கம்ப்யூட்டரில் 30 நிமிடம், 30 கேள்வி. ஆன்டனிம் என்றொரு பகுதி: ஒரு சொல்லைக் கொடுத்துக் கீழே ஐந்து சொற்கள் போட்டிருப்பார்கள், எதிர்ப்பதம் எது என்று சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் வாக்கியம் கிடையாது. அனாலஜி என்றொன்று: கோழைக்குத் துணிச்சல் எப்படியோ, கருமிக்கு எது அப்படி என்கிற மாதிரி ஜோடி சேர்ப்பது. சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி இன்னும் கடினமாக வரும். தெரியாததைத் தாண்டிப் போகவும் முடியாது, பிறகு திரும்பி வந்து பார்க்கவும் முடியாது. எங்கள் பிள்ளைகள் கண்ட ஒரே வழி, பட்டியலை விழுங்குவது.

மனப்பாடத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டைத் தலைகீழாக ஒப்பித்துத்தான் தமிழ் படித்தார்கள். ஆனால் அந்த நிகண்டு எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும். திவாகரம் என்ற நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள்: தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கு, மரம், இடம், பண்பு, செயல், ஒலி என்று பொருள்வாரியாகப் போகும். யானைக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் ஓரிடத்தில் நிற்கும். சூத்திரமாகவோ பாட்டாகவோ இருப்பதால் ஒரு சொல் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். பாரன்ஸ் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு சொற்களுக்கு, எழுத்தைத் தவிர வேறு உறவு கிடையாது. நார்மன் லூயிஸின் ‘வேர்டு பவர் மேட் ஈஸி’ 1949-இல் வந்த புத்தகம், இன்றும் நம் ஊர் ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் விற்கிறது என்றால் காரணம் இதுதான். அவர் ஏ-யில் ஆரம்பித்து இஸட்டில் முடிக்கவில்லை. மனிதர்களின் குணம், டாக்டர்களின் பிரிவு, பேச்சுப் பழக்கம் என்று நிகண்டுக்காரர் மாதிரி அடுக்கினார்.

என் வகுப்பில் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. “மேம், மீனிங் தெரியும். ஆனா ஆன்சர் தப்பா வருது.” நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் இதைச் சொல்லும். நான் அவர்களுடைய நோட்டை வாங்கிப் பார்ப்பேன். ஃப்ரூகல் என்றால் சிக்கனம். பார்சிமோனியஸ் என்றாலும் சிக்கனம். மைசர்லி, ஸ்டிஞ்சி, த்ரிஃப்டி, எல்லாவற்றுக்கும் நேராகச் சிக்கனம், அல்லது கஞ்சத்தனம். ஐந்து சொல்லைப் படித்து, ஒரே சொல்லாக வைத்திருக்கிறார்கள். இதற்குத் தமிழில் அர்த்தம் எழுதாதே, ஆங்கிலத்திலேயே யோசி என்று சொல்கிற வாத்தியார்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நோட்டில் போதுமான அளவு தமிழ் இல்லை என்பதுதான் என் புகார்.

போர்டில் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் அப்பா என்றும் மறுமுனையில் ஹவுஸ் ஓனர் என்றும் எழுதுவேன். அப்பா பத்து வருடமாக அதே ஸ்கூட்டரை ஓட்டுகிறார், அவரை என்னவென்று சொல்வாய்? “சிக்கனமானவர், மேம்.” செட்டாகக் குடும்பம் நடத்துகிற அம்மா? “கட்டும் செட்டுமா இருப்பாங்க.” கல்யாணத்துக்கு வந்து பத்து ரூபாய் மொய் எழுதிய பெரியப்பா? “கஞ்சன்.” ராத்திரி ஒன்பது மணிக்கு மோட்டாரை நிறுத்தித் தண்ணீரைப் பூட்டுகிற ஹவுஸ் ஓனர்? வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், “எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டாரு.” இப்போது ஃப்ரூகலை அப்பாவுக்குக் கொடு, த்ரிஃப்டியை அம்மாவுக்கு, ஸ்டிஞ்சியைப் பெரியப்பாவுக்கு, மைசர்லியை ஹவுஸ் ஓனருக்கு. பார்சிமோனியஸ் எங்கே நிற்கும் என்று அவர்களையே கேட்பேன். பெரியப்பாவுக்குப் பக்கத்தில்தான், ஆனால் கொஞ்சம் படித்த பெரியப்பா, ஏதாவது கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர் என்று ஒரு பெண் சொன்னாள். அகராதி எழுதுகிறவர்கள் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சு சம்பந்தப்பட்ட சொற்களுக்கும் இதே வைத்தியம். லொக்வேஷியஸ், கேருலஸ், வெர்போஸ், கிளிப், எல்லாவற்றுக்கும் ‘அதிகம் பேசுபவர்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். தமிழில் வாயாடி வேறு, தொணதொணப்பு வேறு, வளவளவென்று எழுதுவது வேறு, வாய்ச்சவடால் வேறு. நான்கும் நாலு ஆளுக்குப் பொருந்தும், பெயர்களை மாற்றிப் போட்டால் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வருகிற இடத்தில்தான் சொல் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

தேர்வுக்காரர்கள் தூண்டில் போடுவதும் அங்கேதான். அர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், மதிப்பில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சொற்களைத் தருவார்கள். ஒன்று புகழ்வது, ஒன்று இகழ்வது. தமிழில் பேர்போனவர் என்பதையும் பேரெடுத்தவர் என்பதையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. அந்தக் காது பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அதை மூடி வைத்துவிடுகிறார்கள்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வகுப்பு ஜாதகக் கட்டம் போடும் வகுப்பு. நிஜமாகவே போர்டில் கட்டம் வரைவேன். சாட்டர்ன் யார்? சனி. முகத்தில் களையே இல்லாமல், சிடுசிடுப்பும் இருட்டுமாக இருப்பவன் சாட்டர்னைன். இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே நம் ஊரில் கிடையாது. சனி பிடித்தவன் என்று சொல்கிற வழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஜோவ் என்பது ஜூபிட்டர், நம் வியாழன்; குரு பார்வை பட்டவன் ஜோவியல், கலகலப்பானவன். மெர்க்குரி புதன், வேகமாகச் சுற்றுகிற கிரகம். நிமிடத்துக்கு நிமிடம் மனநிலை மாறுகிறவன் மெர்க்குரியல். மார்ஸ் செவ்வாய், அதனால் மார்ஷியல் என்றால் போர் சம்பந்தப்பட்டது. சந்திரனால் புத்தி பேதலிக்கும் என்று நினைத்ததில் வந்தது லூனடிக். வெள்ளியிலிருந்து வந்த சொல்லை மட்டும் காலை வகுப்பில் எடுக்க மாட்டேன். தோல் டாக்டரின் பெயர்ப்பலகையில் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டத்தை அழித்துவிட்டு நாட்டு வைத்தியத்துக்குப் போவேன். கிரேக்க வைத்தியத்தில் உடம்பை நாலு நீர்கள் ஆள்கின்றன: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம். சித்த வைத்தியத்தில் நமக்கு வாதம், பித்தம், கபம் என்று மூன்று. கணக்கு ஒட்டாவிட்டாலும் எண்ணம் ஒன்றுதான், உடம்பில் எது மிஞ்சுகிறதோ அதுதான் குணம். ரத்தம் மிஞ்சினால் சேங்குவின், முகம் சிவந்து உற்சாகமும் நம்பிக்கையுமாக இருப்பவன். மஞ்சள் பித்தம் மிஞ்சினால் காலரிக், தொட்டதற்கெல்லாம் கோபம். கறுப்புப் பித்தம் மெலங்கலி. கபம் மிஞ்சினால் ஃப்ளெக்மாட்டிக். இதைச் சளி பிடித்தவன் என்று எழுதியவர்கள் உண்டு. எதற்கும் அசையாதவன், கூரை இடிந்து விழுந்தாலும் காப்பியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். நடுவில் ஓர் எச்சரிக்கையும் தருவேன். நம் ஊரில் பித்தம் தலைக்கேறினால் பைத்தியம், அவர்கள் ஊரில் கோபம். அந்த இடத்தில் தமிழ் கைவிட்டுவிடும்.

வேர்ச்சொல் முறை என்று ஒன்று இருக்கிறது. லத்தீன் வேர் நூறு தெரிந்தால் ஆங்கிலச் சொல் ஆயிரம் தெரியும் என்று விளம்பரம் செய்வார்கள். பாதி உண்மை. லத்தீனில் கிரெக்ஸ் என்றால் மந்தை. மந்தையோடு சேர்ந்திருக்க விரும்புவது கிரிகேரியஸ். மந்தையாகக் கூடுவது காங்கிரிகேட். மந்தையிலிருந்து பிரிப்பது செக்ரிகேட். மாநகராட்சி, குப்பை விஷயத்தில் இதைத்தான் தினமும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் அக்ரிகேட். என்ஜினீயரிங் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்குமா, அட்மிஷனே அதில்தான். இதுவரை தேரை இழுத்தாயிற்று. எக்ரீஜியஸ் என்றால்? மந்தையிலிருந்து வெளியே தெரிபவன், அப்படியானால் தலைசிறந்தவன் என்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பொருள் இருந்ததுதான். இன்றைக்கு மகா மட்டமான, வெட்கக்கேடான என்று பொருள். வேர் எங்கிருந்து வந்தது என்று சொல்லும், இப்போது எங்கே குடியிருக்கிறது என்று சொல்லாது. பெடஸ்ட்ரியனில் வருவது லத்தீன் கால், பீடியாட்ரிஷியனில் வருவது கிரேக்கக் குழந்தை. இரண்டையும் ஒன்றாக்கினால் குழந்தை டாக்டர் காலுக்கு மருந்து கொடுப்பார். எனர்வேட் என்பதில் எனர்ஜி இருக்கிறது என்று நம்பி விழுந்தவர்கள் எண்ணிக்கை பெரிது; அதற்குத் தெம்பைப் பறிப்பது என்று பொருள். நாய்சம் சத்தம் போடாது, நாற்றம் அடிக்கும்.

பெரிய சொற்களில் விழுகிறவர்களைவிடச் சின்னச் சொற்களில் விழுகிறவர்கள் அதிகம். ஹஸ்பண்ட் தெரியுமா என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். அது வினைச்சொல்லாக வந்தால், கையிருப்பைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பது. ஃப்ளாக் கொடி, வினையானால் சோர்ந்து தொங்குவது. வாக்ஸ் மெழுகு, நிலவுக்குச் சொன்னால் வளர்வது. டெம்பர் கோபம், வினையானால் காரத்தைத் தணிப்பது. குவாலிஃபைடு டாக்டர் என்றால் முறையாகப் படித்தவர். குவாலிஃபைடு பாராட்டு என்றால் ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா’ என்று இழுப்பது. நம் பிள்ளைகளுக்கு சாங்ஷன் என்றால் லோன் சாங்ஷன். ஒரு நாட்டின்மேல் சாங்ஷன் போட்டார்கள் என்று படித்ததும், கடன் கொடுத்துவிட்டார்கள் என்று போய்விடுவார்கள். திவாகரத்தில் ஒருசொற் பல்பொருளுக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது, பதினொன்றாவது. பாரன்ஸ்காரர்கள் அப்படி ஒன்று போடாததால் நான் போட்டேன். ஒரு பேட்ச் அதற்கு ‘பதினொண்ணு’ என்றே பெயர் வைத்துவிட்டது. “மேம், இன்னிக்கு பதினொண்ணா?” என்று கேட்டுக்கொண்டே வருவார்கள்.

பட்டியலில் இருப்பதாலேயே ஒரு சொல்லை வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லித்தர வேண்டியிருந்தது. நிகர்ட்லி என்றால் கஞ்சத்தனமான. கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொல்லோடு அதற்கு வேரில் எந்த உறவும் இல்லை. ஆனால் காதில் விழும்போது உறவு வந்துவிடுகிறது. 1999-இல் வாஷிங்டன் நகர மேயரின் உதவியாளர் ஒருவர் பட்ஜெட்டைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லிவிட்டு வேலையை ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அகராதி அவர் பக்கம், அறை அவர் பக்கம் இல்லை. அமெரிக்காவில் போய் இறங்கப்போகிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து போன சொல்லும் பட்டியலில் உண்டு. கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுதண்ணீர் போயிருக்கிறது. அவற்றைச் சொன்னால் வகுப்பு பெருமையில் நிமிர்ந்து உட்காரும். அதே கப்பலில் பரையா என்ற சொல்லும் போனது. ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்று பொருள் போட்டிருக்கும். இன்றும் செய்தித்தாள்களில் உலக நாடுகள் ஒதுக்கி வைத்த நாட்டை அப்படித்தான் எழுதுகிறார்கள். எங்கோ மினசோட்டாவிலோ லண்டனிலோ அதைப் படிக்கிறவனுக்கு அது வெறும் சொல். சென்னையில் மாடி வகுப்பில், முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அது அங்கே இருக்கிற சிலருடைய சாதியின் பெயர்.

சில வாத்தியார்கள் அந்த வரியை வேகமாகத் தாண்டிப் போவார்கள். பின் பெஞ்சில் ஒரு கனைப்புச் சத்தம் வந்து, அதோடு அந்தச் சொல் அங்கேயே கிடக்கும். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் பட்டியலில் வரும்வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே நானே எடுத்துவிடுவேன். பறையர் என்ற மக்களின் பெயரை ஐரோப்பியர் எடுத்துப்போய், இந்த ஊர் அவர்களை நடத்திய விதத்தையே அந்தப் பெயருக்கு அர்த்தமாக்கிவிட்டார்கள். அர்த்தத்தைக் கற்பனை செய்தது அவர்கள் இல்லை, இங்கே கண்ணால் பார்த்து எழுதியதுதான். அதே சென்னையில் 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். ஒளித்துவைக்கச் சொன்ன பெயரை முகப்பில் அச்சடித்தார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நீங்கள் எழுதும் கட்டுரையில் இந்தச் சொல் வேண்டாம், அவுட்காஸ்ட் போதும் என்பேன். ஒருமுறை முன்வரிசையில் இருந்த பையன் கேட்டான், “எக்ஸாம்ல இதுதான் ஆன்சர்னா, போடணுமா மேம்?” போடு என்றேன். “மார்க்க ஏன் விடணும், அதானே?” என்று சொல்லி எழுதிக்கொண்டான்.

மறதியைப் பற்றி ஜெர்மானியர் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதிவிட்டார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்துப் பார்த்தவர். படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, மீந்ததுதான் மெதுவாகக் கரைகிறது என்பது அவர் கண்டது. ஆகவே ஒரே இரவில் ஐந்து மணி நேரம் உருப்போடுவதைவிட, மறக்கப்போகிற தறுவாயில் ஒரு தடவை பார்ப்பது மேல். 1972-இல் லைட்னர் என்பவர் இதற்கு அட்டையும் பெட்டியும் வைத்து ஒரு முறை கொடுத்தார். ஐந்து அறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், கடைசி அறையை எப்போதாவது பார்த்தால் போதும்.

நம் பிள்ளைகள் அட்டை வாங்கக் காசு செலவழிக்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார்கள். ஒரு பக்கம் ‘ரிகால்சிட்ரன்ட்’ என்று எழுதியிருக்கும், திருப்பினால் பாதிப் பிள்ளையாரும் ‘நிகழும் மங்களகரமான’ என்ற வரியும். 29சி பஸ்ஸில் நின்றுகொண்டே அதைப் புரட்டுவார்கள். இப்போது ஆன்கி போன்ற ஆப் எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஆனால் யாரோ போட்ட அட்டைகளை இறக்கிக்கொள்கிறார்கள். தன் கையால் எழுதி, அப்பாவையோ ஹவுஸ் ஓனரையோ பின்பக்கம் போட்டவனுக்குத்தான் சொல் நிற்கிறது. இது என் அனுபவம்.

கண்ணால் மட்டும் படித்த சொற்களுக்கு உச்சரிப்பு தனித் தொல்லை. எபிட்டமியை எபிடோம் என்றும், ஹைப்பர்பலியை ஹைப்பர்போல் என்றும், மிஸ்லெட் என்பதை மைசில்டு என்றும் வருடக்கணக்கில் மனசுக்குள் வாசித்திருப்பார்கள். ஜி.ஆர்.இ.-யில் யாரும் வாயைத் திறக்கச் சொல்லப்போவதில்லை என்பதால் நான் இதில் அதிகம் நேரம் செலவழித்ததில்லை.

தேர்வும் அப்படியே நிற்கவில்லை. 2002-இல் சீனா, தைவான், கொரியாவில் ஜி.ஆர்.இ. எழுதி வந்தவர்கள் கேள்விகளை நினைவில் வைத்திருந்து இணையத்தில் போட்டுவிட்டார்கள் என்று, தேர்வுக்காரர்கள் அங்கே கம்ப்யூட்டர் தேர்வையே நிறுத்திக் காகிதத்துக்குத் திரும்பினார்கள். சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கித் தனியே கேட்கிற தேர்வை எவ்வளவு சுலபமாகப் பட்டியலால் அடித்துவிடலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2011 ஆகஸ்டில் ஆன்டனிமும் அனாலஜியும் ஒரேயடியாகப் போயின. மதிப்பெண்ணும் 800 போய் 130-லிருந்து 170 என்றானது. அதற்குப் பதில் ஒரு பத்தியில் மூன்று இடம்வரை விட்டு நிரப்பச் சொன்னார்கள். ஆறு சொல்லில் எந்த இரண்டைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தருமோ அவற்றைத் தேர்ந்தெடு என்றார்கள். பட்டியலை நம்பி நடந்த பல சென்டர்கள் தடுமாறின. எனக்குப் போர்டில் போடுகிற அப்பா–ஹவுஸ் ஓனர் கோடு முன்னைவிட உபயோகப்பட்டது.

பிறகு கூட்டம் குறைந்தது. கொரோனாவோடு நிறையப் பல்கலைக்கழகங்கள் ஜி.ஆர்.இ. கட்டாயமில்லை என்றன. 2023 செப்டம்பரில் தேர்வையும் பாதியாக வெட்டி இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கிவிட்டார்கள்.

இப்போது என் வகுப்பில் இருப்பவர்கள் நர்ஸ்கள். பிரிட்டனில் வேலைக்குப் போக ஓ.இ.டி. என்ற, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். அங்கத்திய நர்சிங் கவுன்சில் 2017-லிருந்து அதை ஏற்றுக்கொள்கிறது. நைட் டியூட்டி முடித்து நேரே வருகிறவர்கள், முந்தைய தலைமுறையைவிடத் தூக்கம் அதிகம், கவனமும் அதிகம். முதல் நாள் ஒரு பெண் கேட்டாள், “ஹார்ட் வேர்ட்ஸ் லிஸ்ட் தருவீங்களா மேம்?” அவர்களிடம் ஹார்ட் வேர்ட்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. டிஸ்ப்னியா, எடிமா, ஹெமட்டீமிசிஸ் எல்லாம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ரத்த வாந்தியை நோயாளிக் கிழவி ஹெமட்டீமிசிஸ் என்று சொல்ல மாட்டாள், ப்ராட் அப் பிளட் என்பாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டால் கொஞ்சம் ஆஃப்-ஆக இருக்கிறது என்பாள். மயக்கம் தெளிந்ததைக் கேம் ரவுண்ட் என்பார்கள், வாந்தியைத் த்ரோ அப் என்பார்கள். சின்னச் சின்னச் சொற்கள், ஒன்றுக்குப் பத்து முகம்.

நம் ஊர் ஆங்கிலமும் குறுக்கே வந்து நிற்கிறது. பயிற்சிக்கு நேர்காணல் மாதிரி ஒன்று நடத்தினேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும், “ஐ பாஸ்ட் அவுட் இன் 2015” என்று ஆரம்பித்தாள் நாகர்கோவில்காரப் பெண். நமக்கு அது படித்து முடித்தேன். லண்டனில் கேட்பவருக்கு 2015-இல் மயங்கி விழுந்தேன். எந்த ஆஸ்பத்திரியில் என்று அவர் கேட்டால் இவள் காலேஜ் பெயரைச் சொல்வாள்.

அடுத்த வாரம் முழுக்க ‘புட்’ எடுக்கிறேன். புட் ஆன், புட் ஆஃப், புட் அப், புட் அப் வித், புட் த்ரூ. புட் டவுனுக்கு மட்டும் தனியாக அரை வகுப்பு வேண்டும்: பெயரைக் குறித்துக்கொள்வதும் அதுதான், ஆளை மட்டம் தட்டுவதும் அதுதான், குணமாகாத நாய்க்கு ஊசி போட்டு முடித்துவிடுவதும் அதுதான். வார்டில் ஒரு பெரியவரிடம் “ஐ வில் புட் யூ டவுன் ஃபார் டுமாரோ” என்று சொல்ல நேர்ந்தால், கடைசி இரண்டு சொற்களை முழுங்காமல் சொல்லப் பழக்க வேண்டும்.